மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி

இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்.

மே மாத விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருக்கிறான். எட்டாவது முடித்துவிட்டு ஒன்பதாவது போகப் போகிறான். பையில் துணிமணி கொஞ்சம், டியூஷன் சென்டரில் கொடுத்த ஷீட்டுகள் நிறைய. அவற்றின் நடுவே லேமினேட் செய்த ஓர் அட்டை இருந்தது. வார்த்தைக் கணக்கு போடுவதற்கான வழியாம். டோட்டல் என்றால் ப்ளஸ். லெஃப்ட் என்றால் மைனஸ். டைம்ஸ் என்றால் இன்டூ. ஷேர் என்றால் வகு. மோர் வந்தால் கூட்டு, லெஸ் வந்தால் கழி. கீழே ஒரு நட்சத்திரம் போட்டு, 'முழுக் கணக்கையும் படித்து நேரத்தை வீணாக்காதே, சொல்லைத் தேடு' என்கிற பொருளில் ஒரு வரி.

முப்பத்தாறு வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கணக்கைப் படிக்காதே என்று ஒரு கணக்கு வாத்தியார் அச்சடித்துக் கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

பேரனிடம் ஒன்று கேட்டேன். "வள்ளியிடம் 30 ரூபாய் இருக்கிறது. இது முருகனிடம் இருப்பதைவிட 12 ரூபாய் குறைவு. முருகனிடம் எவ்வளவு?"

"18" என்றான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"யாரிடம் அதிகம், வள்ளியிடமா முருகனிடமா?"

யோசித்தான். "முருகன்கிட்ட."

"அப்ப முருகனுக்கு 18, வள்ளிக்கு 30ன்னா?"

அவன் அட்டையைப் பார்த்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கைத் திரும்பப் பார்க்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்து, "குறைவுன்னா மைனஸ்தானே தாத்தா" என்றான். கெட்டிக்காரப் பையன். இரண்டு பக்கமும் எக்ஸ் இருக்கும் சமன்பாட்டைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அதையே நான்கு வரியில் வார்த்தையாகக் கொடுத்தால், அதில் ஒரு மனிதன் ரூபாயோடு நிற்கிறான் என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. எண்களும் சிக்னல் விளக்கு மாதிரி சில சொற்களும்தான் தெரிகின்றன.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1980 வாக்கில் பிரான்சில் கிரெநோபிள் என்ற ஊரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் இருந்த எண்களை வைத்து ஒரு விடையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. கணக்கு வகுப்பில் கேள்வி கேட்கக்கூடாது, எண்ணைக் கண்டால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நன்றாகப் பழக்கியிருக்கிறோம்.

பெரியவர்கள் யோக்கியதை மட்டும் என்ன? எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் சென்ற வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர், பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து 2009இல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை கம்யூட் செய்து மொத்தப் பணமாக வாங்கிக்கொண்டார். பதினைந்து வருடம் முடிந்து அந்தப் பங்கு திரும்பக் கிடைக்க வேண்டிய நேரம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டி.ஏ. எல்லாம் நீக்கிச் சொல்கிறேன். பிடித்தம் போக அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார்? "18,000த்தில் மூன்றில் ஒரு பங்கு 6,000. ஆக, இனிமேல் 24,000 வரும்." நாலு பேர் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் பட்டதாரிகள்.

எதில் மூன்றில் ஒரு பங்கு? கைக்கு வருவதிலா, முழு பென்ஷனிலா? முழு பென்ஷனில் மூன்றில் ஒன்று போனால் மிச்சம் மூன்றில் இரண்டு. அந்த இரண்டு பங்குதான் 18,000. ஒரு பங்கு 9,000. முழு பென்ஷன் 27,000. மாதம் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். கூட்டல் பெருக்கலில் யாரும் தப்புச் செய்யவில்லை. 'எதில்' என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டார்கள். அலுவலகம் 24,000 என்று போட்டுக் கொடுத்திருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.

வார்த்தைக் கணக்கு என்பது முதலில் மொழிப் பாடம், அப்புறம்தான் கணக்கு. 'இல்', 'ஐ விட', 'ஐப் போல', 'இலிருந்து' என்று நம் வேற்றுமை உருபுகளில்தான் மொத்தக் கணக்கும் உட்கார்ந்திருக்கிறது. தமிழய்யாவும் கணக்கு வாத்தியாரும் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம் இது. ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடம். ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்பார்கள். வாக்கியத்தில் ஐந்து முன்னால் வருகிறது, எக்ஸ் பின்னால் வருகிறது. பிள்ளை அதே வரிசையில் ஐந்திலிருந்து எக்ஸைக் கழித்து எழுதிவிடுகிறது. தமிழில் 'எக்ஸை விட ஐந்து குறைவு' என்கிறோம். எக்ஸ் முதலில் வந்துவிட்டது, ஐந்து பின்னால் குறைகிறது, வாய் சொல்வதைக் கை எழுதினாலே போதும். அமெரிக்காவிலேயே பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு, 'பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்' என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தப்பாக எழுதினார்கள் என்று 1980களில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. தப்புச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலைகீழாக, மாணவரை ஆறால் பெருக்கிப் பேராசிரியருக்குச் சமம் என்று போட்டுவிட்டார்களாம். தமிழ் வாக்கியத்தில் பேராசிரியருக்குப் பக்கத்திலேயே ஆறு மடங்கு நிற்கிறது பாருங்கள். நான் மொழி வெறியன் இல்லை, என் மகளையே ஆங்கில மீடியத்தில்தான் படிக்க வைத்தேன். ஆனால் கணக்கை முதலில் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் போட்டால் குடி முழுகிவிடாது. (நம் தமிழிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. 'மூன்று மடங்கு அதிகம்' என்றால் மூன்று மடங்கா நான்கு மடங்கா என்று பாடப்புத்தகக் குழுவே உட்கார்ந்து பேச வேண்டும்.)

எனக்கு முதன்முதலில் சமன்பாடு சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, எங்கள் அப்பத்தா. கைநாட்டு. திண்ணையில் படுத்துக்கொண்டு விடுகதை போடுவாள். உங்களில் பலருக்கும் தெரிந்த கதைதான். வயலில் இறங்கிய குருவிக் கூட்டத்தைப் பார்த்து ஒரு குருவி, நீங்கள் நூறு பேரா என்று கேட்டதாம். அதற்குக் கூட்டம் சொன்னதாம்: நாங்களும், எங்கள் அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், கூட உன்னையும் சேர்த்தால்தான் நூறு. அப்படியானால் கூட்டத்தில் எத்தனை குருவி?

நான் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பத்தா சொல்வாள்: "மொதல்ல தனியா வந்த குருவிய வெரட்டிவிடு. என்ன மிச்சம்? தொண்ணூத்தொன்பது. இப்ப கூட்டத்த நாலு கூறாப் போடு. மொதக் கூட்டம் நாலு கூறு, ரெண்டாவது நாலு கூறு, பாதி ரெண்டு கூறு, கால் ஒரு கூறு. எத்தன கூறு? பதினொன்னு. பதினோரு கூறு தொண்ணூத்தொன்பதுன்னா ஒரு கூறு ஒம்பது. நாலு கூறு முப்பத்தாறு." அவ்வளவுதான். வெற்றிலையை மென்றுகொண்டு சொல்லிவிடுவாள்.

அவள் எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் 'கூறு' என்றாள் பாருங்கள், அதுதான் எக்ஸ். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்தது மாதிரியே அதை வைத்துக்கொண்டு பேசுவது. நம் பழைய கணித ஆசிரியர்கள் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' என்றார்கள், எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இரண்டாவது தெரியாதது வந்தால் கறுப்பு, நீலம் என்று நிறங்களின் பெயரை வைத்தார்கள். எக்ஸ், ஒய் எல்லாம் 1637இல் டெகார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகத்திலிருந்து வழக்கத்துக்கு வந்தவை. தனிக்குருவியை விரட்டிவிடு என்றாளே, அது சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கூடியிருப்பதை இரண்டு பக்கமும் கழிப்பது. பாக்தாத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்த அல்-குவாரிஸ்மி இந்த மாதிரி வேலைகளை முறைப்படுத்திப் புத்தகம் எழுதி, அதன் தலைப்பிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. அப்பத்தாவுக்கு இதெல்லாம் எதற்கு?

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். டியூஷன் சென்டரைத் திட்டிக்கொண்டே போனால் நான் யோக்கியன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

1984. எனக்கு இருபத்தொன்பது வயது. கையில் எப்போதும் பிரம்பு இருக்கும், அது அந்தக் காலம். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன். கேள்வி இது: ஓர் எண்ணின் பாதியும் அதே எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 35, அந்த எண் என்ன? ஒரு பையன் தாளில் 'எக்ஸ் என்க' இல்லை, சமன்பாடு இல்லை, மீ.சி.ம. இல்லை. 6, 5, 7, 42 என்று நான்கு எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக. கடைசி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். விடை சரி.

காப்பியடித்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். பூஜ்யம் போட்டேன். வகுப்பில் எழுப்பி எப்படி வந்தது என்று கேட்டேன். "மனசுல போட்டேன் சார்" என்றான். பக்கத்துப் பையன் தாளில் பார்த்தாயா என்றேன். இல்லை என்றான். பொய் சொல்கிறான் என்று இரண்டு அடி கூடுதலாகக் கொடுத்தேன். அவன் அப்பா கொத்தனார் வேலை பார்த்தவர். கிடை ஆடு மாதிரி ஒடுங்கி நின்ற அந்தப் பையன், பொங்கல் விடுமுறைக்கு அப்புறம் பள்ளிக்கு வரவில்லை. நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்தன. நான் காரணம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

சில வருடங்கள் கழித்து, பணியிடைப் பயிற்சிக்குப் போன இடத்தில் லீலாவதியைப் பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. பாஸ்கராச்சாரியார் 1150இல் எழுதிய கணித நூல். அதில் இஷ்ட கர்மம் என்று ஒரு முறை. விடை தெரியாத இடத்தில் உனக்கு வசதியான ஓர் எண்ணை வைத்துக்கொள். கணக்கில் சொன்னபடி செய்து பார். வந்த விடைக்கும் வரவேண்டிய விடைக்கும் என்ன விகிதமோ, அந்த விகிதத்தில் நீ வைத்த எண்ணைப் பெருக்கு. படித்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் வசதியான எண் ஆறு. ஆறில் பாதி மூன்று, மூன்றில் ஒரு பங்கு இரண்டு, மொத்தம் ஐந்து. வரவேண்டியது 35, ஏழு மடங்கு. ஆறேழு நாற்பத்திரண்டு. 6, 5, 7, 42. பையன் ஒரு வரியையும் விடவில்லை.

இது பாஸ்கரருக்கும் முந்தியது. எகிப்தில் சுமார் 3,500 வருடத்துக்கு முந்தைய ரிண்ட் பாப்பிரஸ் சுருள், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. எழுதியவர் முதலில் ஏழு என்று வைத்துக்கொள்கிறார், எட்டு வருகிறது, எட்டை 19 ஆக்க என்ன வேண்டுமோ அதால் ஏழைப் பெருக்குகிறார். பதினாறே ஐந்தெட்டு. எகிப்துக்காரருக்கும் பாஸ்கரருக்கும் தோன்றியது ஒரு கொத்தனார் மகனுக்கும் தானாகத் தோன்றியிருக்கிறது. நான் பிரம்பை எடுத்தேன்.

அப்படியானால் எக்ஸே வேண்டாமா, மனக்கணக்கே போதுமா என்று கேட்பீர்கள். போதாது. இங்கேதான் நான் மறுபக்கத்து ஆட்களோடும் சண்டை போடுகிறேன். 'அந்தக் காலத்து மனக்கணக்கு மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம் கூட்டத்தில் நிறைய. ஓர் எண்ணின் பாதியோடு ஏழு சேர்த்தால் 19 என்று ஒரு கணக்கைக் கொடுங்கள். இரண்டு என்று வைத்துப் பார்த்தால் எட்டு வருகிறது. 19ஐ எட்டால் வகுத்து இரண்டால் பெருக்கினால் நாலே முக்கால் வரும். சரியான விடை 24. ஏன் கவிழ்ந்தது? அந்த ஏழு, எண்ணோடு சேர்ந்து பெருகாது, அது பாட்டுக்கு நிற்கும். அப்பத்தா தனிக்குருவியை முதலில் விரட்டியது இதனால்தான், அவளுக்கு அது அனுபவம். எல்லோருக்கும் அப்பத்தா இருப்பாளா? இரண்டு பக்கமும் தெரியாத எண் வந்துவிட்டால் அப்பத்தாவும் திணறுவாள். எக்ஸ் திணறாது. அந்தப் பையனிடம் நான் செய்திருக்க வேண்டியது, முதுகில் தட்டிக் கொடுத்து முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "இதையும் போடுடா பார்ப்போம்" என்று ஏழு சேர்த்த கணக்கைக் கொடுத்திருக்க வேண்டும். அவன் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது எக்ஸை அவன் கையில் கொடுத்திருந்தால், அது ஏன் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நாம் என்ன செய்கிறோம்? பசியே எடுக்காதவன் வாயில் எக்ஸைத் திணிக்கிறோம்.

குறுக்குவழிப் புத்தகக்காரர்களை விட்டுவிட்டேன் பாருங்கள். என் தம்பி மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் 25 கேள்வி கணக்கும் மனத்திறனும். அவள் நோட்டில், ஒருவர் 10 நாளில், இன்னொருவர் 15 நாளில் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்பதற்கு ஒரு சூத்திரம்: இரண்டையும் பெருக்கு, கூட்டியதால் வகு. நூற்றைம்பதை இருபத்தைந்தால் வகுத்தால் ஆறு நாள். சரிதான். "இரண்டாவது ஆள் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தால்?" என்றேன். "அதுக்கு வேற ஃபார்முலா இருக்கும் பெரியப்பா" என்றாள். முதல் ஆள் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு செய்வான் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் ஐந்தில் ஒரு பங்கை முடித்திருப்பான், மிச்சம் ஐந்தில் நாலு, இருவரும் சேர்ந்தால் முழு வேலைக்கு ஆறு நாள், ஆக மிச்சத்துக்கு 4.8 நாள் என்று சொன்னதும், "இவ்வளவுதானா?" என்றாள். ஆமாம், இவ்வளவுதான். சூத்திரங்களை மனப்பாடம் பண்ண ஆரம்பித்தால் முந்நூறு வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் நடப்பது இன்னும் மோசம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 35 எடுத்தால் பாஸ். செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. படம் வரைந்தே பதினாறு மதிப்பெண் தேற்றிவிடலாம். மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, இதையும் இன்னும் நாலைந்து கேள்விகளையும் உருப்போட வைத்து, "வார்த்தைக் கணக்கு பக்கமே போகாதே" என்று சொல்லி அனுப்புவோம். சொன்னேன் என்று அடுத்தவரைச் சொல்லவில்லை, நானே சொன்னேன். தேர்ச்சி விழுக்காட்டுக்காக அதிகாரி முன்னால் கைகட்டி நின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் கணக்குப் படிப்பு முடிந்து போகிற பிள்ளைக்கு வாழ்க்கையில் எது வரும்? வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் வேலையா வரும்? வட்டிக்காரன் பேச்சும், கம்யூட்டேஷன் உத்தரவும், சீட்டுக் கம்பெனி நோட்டீசும் வரும். அத்தனையும் வார்த்தைக் கணக்கு. நாங்கள் விடச் சொன்னது அதைத்தான்.

பக்கத்து வீட்டு நண்பர், வங்கியில் இருந்தவர், நான் பொரிந்து தள்ளுவதைக் கேட்டுவிட்டு, "இப்ப போனில் கணக்கைப் படம் எடுத்தா விடை வந்துடுது சார், நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க" என்றார். வரட்டும், நல்லதுதான். ஆனால் படம் எடுக்கக் கணக்கு காகிதத்தில் இருக்க வேண்டுமே. பென்ஷன் நண்பர் போனிடம் கேட்டிருந்தாலும் '18,000த்தில் மூன்றில் ஒன்று எவ்வளவு' என்றுதான் கேட்டிருப்பார். அது ஒழுங்காக 6,000 என்று சொல்லியிருக்கும்.

பேரனின் அட்டையை வாங்கி அலமாரி மேல் போட்டுவிட்டேன். பத்து நாளாகத் தினம் காலை காப்பிக்கு அப்புறம் ஒரே ஒரு கணக்கு. முதலில் எண்களைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்ல வேண்டும், யாரிடம் கூட, யாரிடம் குறைய என்று. அப்புறம், எது தெரியாது, அதற்கு என்ன பெயர். எக்ஸ்தான் வேண்டும் என்றில்லை, அவன் 'டப்பா' என்று வைத்துக்கொள்கிறான். பிறகு ஒரே சங்கதியை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். முருகன் பணம் ஒரு டப்பா, அதில் 12 குறைந்தால் வள்ளி பணம். வள்ளி பணம் 30 என்றும் சொல்லியாகிவிட்டது. இரண்டும் ஒன்றே, நடுவில் சமக் குறி. நியூட்டன் 1707இல் வந்த தன் புத்தகத்தில் இப்படித்தான் ஒரு வியாபாரியின் கணக்கை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் பேச்சு மொழி, வலப்பக்கம் எழுத்துக் குறி என்று வரிக்கு வரி எழுதிக் காட்டினார். கடைசியில் விடையைக் கொண்டுபோய்க் கதைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டாயம். விடை பொருந்தவில்லை என்றால் நான் சொல்ல மாட்டேன், அவனே சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 2016இல் மாடியில் ஓர் அறை எடுத்தோம். வேலைக்கு வந்த மேஸ்திரி நாற்பத்தைந்து வயசுக்காரர், அதிகம் பேச மாட்டார். கான்கிரீட் போட்ட அன்று ஆள் கூலிக்கு 5,600 என்று பேசியிருந்தோம். கொத்தனார் நாலு பேர், சித்தாள் ஆறு பேர், சித்தாளுக்குக் கொத்தனார் கூலியில் பாதி. சாயங்காலம் பணத்தைக் கையில் கொடுத்ததும், "சித்தாள் ரெண்டு பேர் ஒரு கொத்தனார் கணக்கு. அப்ப ஏழு கூலி" என்று முனகிக்கொண்டே எண்ணூறும் நானூறுமாகப் பிரித்துவிட்டார். கணக்கு வாத்தியார் புத்தி, கை தட்டினேன். எங்கே படித்தீர்கள் என்றேன்.

"உங்ககிட்டதான் சார். எட்டாவது வரைக்கும்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெயரைச் சொன்னார். வந்த முதல் நாளே அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, மூன்று மாதமாகச் சொல்லவில்லை. "அரைப் பரீட்சைக் கணக்கு" என்றேன் நான். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டே, "அது சரியான விடைதானே சார்?" என்றார். "சரிதான். முழு மார்க் போட்டிருக்கணும்" என்றேன். தலையாட்டினார். மறுநாள் தண்ணீர் கட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நேற்றுப் பேரனிடம், இன்றைக்கு நீயே ஒரு கணக்கு உண்டாக்கு என்றேன். எங்கள் இருவர் வயதை எடுத்துக்கொண்டான். எனக்கு 70, அவனுக்கு 13. எத்தனை வருடத்தில் தாத்தா வயது என் வயதைப் போல நாலு மடங்கு ஆகும்? டப்பா வைத்தான். எழுபதும் ஒரு டப்பாவும் ஒரு பக்கம். பதின்மூன்றும் ஒரு டப்பாவும் சேர்த்து நாலு மடங்கு மறுபக்கம். ஐம்பத்திரண்டும் நாலு டப்பாவும். மூன்று டப்பா 18, ஒரு டப்பா ஆறு. "உங்களுக்கு 76, எனக்கு 19. சரியா வருது தாத்தா!"

உற்சாகம் வந்துவிட்டது. உடனே, இரண்டு மடங்கு எப்போது என்று ஆரம்பித்தான். எழுபதும் டப்பாவும், இருபத்தாறும் இரண்டு டப்பாவும். டப்பா 44. விடையைக் கதைக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, வைத்துப் பார்த்தான். அவனுக்கு 57. எனக்கு 114.

பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சரிதான்டா, ஐம்பத்தேழு ரெண்டு நூற்றுப் பதினாலு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ரப்பரை எடுத்து இரண்டாவது கணக்கை அழித்தான். "நாலு மடங்கோட வச்சுக்கலாம் தாத்தா" என்றான்.